டிராக்டர் தூக்கு சிலிண்டரின் நிலையுணர்வி: பொருத்தும் முறையும் காக்கும் வகையும்

திருவண்ணாமலைக்கு வடபால், வேலூர் செல்லும் சாலையில், ஏரியோடு கூடிய ஊர் வேங்கிக்கால். 1989-ஆம் ஆண்டில் வடஆற்காடு பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று இவ்வூர் எல்லையில் அமைந்துள்ளது. விவசாயிகளின் மாதாந்திரக் குறைதீர்க் கூட்டத்திற்குச் செங்கம், போளூர், தண்டராம்பட்டு முதலிய வட்டங்களிலிருந்து வரும் நிலக்கிழார்களுக்கு இவ்வூர் நன்கு பழக்கமானது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று போகங்களிலும் இப்பகுதியில் சேற்றுழவையும் அறுவடையையும் இன்று பெரும்பாலும் யந்திரங்களே செய்கின்றன. ஏர் மாடுகள் நின்ற கொட்டில்களில் டிராக்டர் நிற்பதைப் பல வீடுகளில் காணலாம்.

மாட்டின் குணத்தை அறிந்து அதனை நடத்திய குடியானவர், யந்திரத்தின் குணத்தையும் அறிந்து நடத்துதல் வேண்டும். டிராக்டரின் பின்புறத்தில் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர், ஓசையின்றி மிகுந்த பலத்தோடு வேலை செய்யும் உறுப்பு. அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அறிந்து சொல்லும் சிறு கருவிக்கு நிலையுணர்வி என்று பெயர். பட்டறைக்காரர்கள் இதனைப் பொசிஷன் சென்சார் என்று வழங்குவர். புதிய டிராக்டர்கள் சிலவற்றிலும், கதிரறுப்பு யந்திரங்களிலும், டிப்பர் வண்டிகளிலும் இக்கருவி வந்துவிட்டது. இதனைப் பொருத்துங்காலத்தும் பழுது பார்க்குங்காலத்தும் நேரும் அஜாக்கிரதையினால் கைவிரலை இழக்கவும், உயிரையே இழக்கவும் இடமுண்டு. ஆகையால் இவ்விஷயத்தை யந்திரம் வைத்திருப்போரும் கிராம அதிகாரிகளும் ஒருமுறை தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

தூக்கு யந்திரம் வந்த வரலாறு

அடைபட்ட திரவத்தின்மேல் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் உண்மையை பிரான்சு நாட்டு பாஸ்கல் என்பவர் பதினேழாம் நூற்றாண்டில் விளக்கினார். அதனைக் கைக்கொண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் 1795-ஆம் ஆண்டில் நீரழுத்த யந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். இது விவசாயத்திற்குப் பயன்படும் வண்ணம் அமைந்தது அதற்கும் நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே.

அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் என்பவரிடம், அந்நாட்டு விவசாய வாரியம் 1917-ஆம் ஆண்டில் டிராக்டர்களின் வேலைத்திறனைப் பெருக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. அக்காலத்து டிராக்டர்கள் கலப்பையை வெறுமனே இழுத்துச் சென்றன. கலப்பைக் கொழு கல்லிலோ வேரிலோ சிக்கினால், சக்கரம் சுழலமாட்டாமல் டிராக்டரின் முன்புறம் மேலெழுந்து, ஓட்டுபவர் மேலேயே பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். இதனைத் தவிர்க்கவே கலப்பையை மூன்று கைகளால் டிராக்டரோடு இணைத்து, ஹைட்ராலிக் பலத்தினால் அதன் ஆழத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் முறையை அவர் வகுத்தார். 1926-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1936-ல் இம்முறையுடன் கூடிய பெர்குசன்-பிரவுன் டிராக்டரும், 1939-ல் அமெரிக்காவில் போர்டு கம்பெனியுடன் சேர்ந்து செய்த டிராக்டரும் வெளிவந்தன. சென்னையில் 1960-ஆம் ஆண்டில் தோன்றிய டாபே நிறுவனம் மாசே பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியதனால், அம்முறை நம் வயல்களுக்கும் பரவியது. இன்று நம் நாட்டில் ஓடும் டிராக்டர்களின் மூன்று முனை இணைப்பு பெர்குசன் வகுத்த வழியிலேயே அமைந்தது. ஓட்டுபவரின் உயிரைக் காப்பதும் அவ்வழியின் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறத்தலாகாது.

சிலிண்டரின் பலம் எவ்வளவு?

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். 90 மி.மீ. குறுக்களவுள்ள பிஸ்டனின் முகப்பரப்பு ஏறக்குறைய 63.6 சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 180 கிலோ எனக் கொண்டால், பிஸ்டன் தள்ளும் பலம் 11,400 கிலோவுக்கு மேலாகும். அதாவது பதினோரு டன்னுக்குக் குறையாது. பாரமேற்றிய லாரிக்கு ஒப்பான பலம் ஒரு முழத்திற்குட்பட்ட குழாய்க்குள் அடங்கி நிற்கிறது. இஞ்சினை நிறுத்திய பின்னும், தூக்கிய கலப்பை மேலே நிற்குமளவும், அழுத்தம் எண்ணெயில் தங்கியே இருக்கும். “வண்டி நின்றுவிட்டது, இனி பயமில்லை” என்று எண்ணுவதே விபத்துகளுக்கு முதற்காரணம்.

நிலையுணர்வியின் பயன்

பழைய டிராக்டர்களில் ஓட்டுபவர் நெம்பியை ஓரிடத்தில் வைத்தால், இரும்புத் தண்டுகளும் கேம்களும் சேர்ந்து கலப்பையை அந்த உயரத்தில் நிறுத்தும். இதில் மின்சாரத்திற்கு வேலையில்லை. சாதாரண உழவுக்கு இதுவே போதும். இவ்வாறுள்ள டிராக்டருக்கு வீண் செலவு செய்து உணர்வி பொருத்த வேண்டுவதில்லை.

தூக்கும் வால்வை மின்சாரத்தினால் இயக்கும் புதிய அமைப்புகளில் உணர்வி இன்றியமையாதது. சிலிண்டர் இருக்கும் நிலையை உணர்வி சொல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டி அதனை ஓட்டுபவர் வைத்த அளவோடு ஒப்பிட்டு வால்வைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. இதனால் விதைப்புக் கருவி வயலின் இக்கோடியிலிருந்து அக்கோடி வரை ஒரே ஆழத்தில் செல்லும். கதிரறுப்பு யந்திரத்தில் வெட்டுமுனை தரையில் முட்டாமல் நிற்கும். டிப்பரில் தொட்டி முற்றும் இறங்காதிருந்தால் ஓட்டுபவருக்கு எச்சரிக்கை விளக்கு எரியும். தொட்டியை உயர்த்தியபடியே வண்டியை நகர்த்தி மின்கம்பியில் மோதும் அபாயத்தை எண்ணினால், இச்சிறு விளக்கின் அருமை விளங்கும்.

மூன்று வகை உணர்விகள்

முதலாவது வகை, தூக்குகை திரும்பும் அச்சில் பொருத்தும் கோண உணர்வி. கை எவ்வளவு திரும்பியது என்பதைக் கொண்டு சிலிண்டரின் நிலையை அறிகிறது. சிலிண்டரைத் திறவாமலே பொருத்தலாமாதலின், விலை குறைவு, அபாயமும் குறைவு.

இரண்டாவது, சிலிண்டருக்கு வெளியே பக்கவாட்டில் இணைக்கும் நீள உணர்வி. இதனையும் எளிதில் பொருத்தலாம். ஆனால் சேறு, வைக்கோல், கல் ஆகியவற்றின் அடியை நேராகத் தாங்கவேண்டியிருத்தலால் உறை அவசியம்.

மூன்றாவது, சிலிண்டருக்கு உள்ளேயே அமையும் உணர்வி. பிஸ்டன் தண்டின் நடுவே நீண்ட துளையிட்டு, அதனுள் மெல்லிய குழாய் ஒன்று செல்லும்படி அமைத்து, பிஸ்டனில் ஒரு காந்த வளையத்தை வைப்பர். குழாய்க்குள்ளிருக்கும் கம்பியில் மின்துடிப்பைச் செலுத்தினால், காந்தம் இருக்குமிடத்தில் கம்பி நுண்ணளவு முறுக்குண்டு ஓர் அதிர்வை எழுப்பும். அவ்வதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 2,800 மீட்டர் வேகத்தில் ஓடித் தலைப்பகுதியை அடைகிறது. சேர்ந்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படும், 280 மி.மீ. தூரத்திற்கு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. காந்தத்தினால் இரும்பு நுண்ணளவு நீளும் இயல்பை ஜேம்ஸ் ஜூல் என்னும் விஞ்ஞானி 1842-ஆம் ஆண்டிலேயே கண்டார்; இக்கருவி அவ்வியல்பையே பயன்படுத்துகிறது. காந்தமும் குழாயும் ஒன்றையொன்று தொடாமையால் தேய்மானம் இல்லை.

காற்றழுத்தச் சிலிண்டரின் வெளிப்புறத்தில் ஒட்டும் சிறு காந்த ஸ்விட்சை வாங்கி ஹைட்ராலிக் சிலிண்டரில் கட்டிப் பார்ப்போர் உண்டு. அது வேலை செய்யாது. காற்றுச் சிலிண்டரின் குழாய் பெரும்பாலும் அலுமினியம். காந்த சக்தி அதனூடே வெளிவரும். ஹைட்ராலிக் சிலிண்டரின் குழாயோ தடித்த எஃகு; காந்த சக்தியைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்ளும்.

வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடவேண்டும். கலப்பையை அல்லது கருவியை முழுதும் தரையில் இறக்கவேண்டும். பிறகு இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, வேலை செய்பவர் தம் மடியிலேயே வைத்துக்கொள்ளுதல் உத்தமம். இஞ்சின் நின்றபின் தூக்கு நெம்பியை மேலும் கீழுமாகப் பலமுறை அசைத்தால், குழாய்களில் தங்கிய அழுத்தம் நீங்கும். மின்வால்வு உள்ள யந்திரங்களில் இதற்குத் தனி முறை இருத்தலால், கம்பெனியின் கையேட்டைப் பார்த்தே செய்யவேண்டும்.

கருவியைத் தூக்கிய நிலையில்தான் வேலை செய்ய முடியுமானால், உறுதியான இரும்புத் தாங்கியின் மேல் அதனை நிறுத்தவேண்டும். செங்கல்லும் மரத்துண்டும் போதாதவை. டிப்பர் தொட்டிக்கு அதற்கென்றே உள்ள முட்டுத்தண்டைக் கொடுக்காமல் அடியில் புகுதல் கூடவே கூடாது. ஓ-ரிங் ஒன்று கிழிந்தாலும், வால்வில் ஒரு துரும்பு சிக்கினாலும், சிலிண்டர் சடுதியில் இறங்கிவிடும்.

எண்ணெய்க் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது பெரும் பிசகு. ஊசிமுனை போன்ற ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்சென்றுவிடும். காயம் முள் குத்தியதுபோல் சிறிதாகத் தோன்றும். நோவும் முதலில் அதிகமிராது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ எடுக்கும்படி நேரலாம். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்ப்பதே முறை. எண்ணெய் உட்புகுந்ததாகச் சந்தேகம் தோன்றினாலும், மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் கடத்தாமல், 108 வண்டியை அழைத்து, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்திற்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். “அழுத்தமுள்ள எண்ணெய் உள்ளே போயிருக்கிறது” என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுதல் அவசியம்.

உள்ளே பொருத்தும் முறை

பிஸ்டன் தண்டில் துளையிடுவது ஊர்ப்பட்டறையில் செய்யத்தக்க வேலையன்று. துளை நடுவிலிருந்து விலகினால் தண்டின் ஒருபுறம் மெலிந்து, பாரம் ஏறும்போது வளையும் அல்லது முறியும். ஆகவே உணர்விக்கென்றே செய்த சிலிண்டரை வாங்குவதே சரியானது. பழுதுபட்ட உணர்வியை மாற்றுவது மட்டுமே நல்ல மெக்கானிக்கின் கைக்குள் அடங்கும் வேலை. உத்தரவாதக் காலம் முடியாத யந்திரமாயின் விற்பனையாளரின் பட்டறைக்கே அனுப்புதல் நலம்.

சிலிண்டரைத் திறக்குமுன் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, காற்றில் தூசி பறக்காத இடத்தில் வைக்கவேண்டும். நெல் தூற்றும் களத்தருகே இவ்வேலை ஆகாது. வால்வின் உள்ளிடைவெளி தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு அளவினது. கண்ணுக்குத் தெரியாத மணல்பொடியும் அதனைக் கெடுக்கும். பிரித்த குழாய்முனைகளைச் சுத்தமான மூடியால் உடனே அடைத்தல் வேண்டும். பழந்துணியைத் திணித்தால் அதன் நூலே உள்ளே போகும்.

காந்த வளையத்தைப் பிஸ்டனின் எஃகின்மேல் நேராக வைத்தலாகாது. இடையில் பித்தளை முதலிய, காந்தம் ஒட்டாத உலோகத்தாலான தகடும், அவ்வாறே காந்தம் ஒட்டாத திருகுகளும் வேண்டும்; இல்லையேல் காந்த சக்தி எஃகில் பரவிக் கருவி பொய்யளவு காட்டும். உணர்விக் குழாய் துளையின் சுவரில் உரசாமல் நேராகச் செல்லவேண்டும். அதனை நெம்புகோலாகப் பிடித்துத் திருகுவதும், சுத்தியால் தட்டுவதும் அதனை வளைத்துவிடும். ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, அதே ஹைட்ராலிக் எண்ணெயைத் தடவி, ஆறுமூலைத் தலையில் மட்டும் சாவியைப் பொருத்தி, கையேட்டில் கண்ட அளவுக்கே இறுக்கவேண்டும்.

குழாயின் இரு கோடிகளிலும் அளவு காட்டாத சிறு பகுதி உண்டு. பிஸ்டன் எந்நிலையிலும் காந்தத்தை அப்பகுதிக்குள் கொண்டுசெல்லாதபடி நீளத்தைச் சரிபார்த்தே உணர்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாவும் பூட்டிய பின், எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, பாரமின்றி மெதுவாக நாலைந்து முறை முழுதும் நீட்டிச் சுருக்கினால், உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறும். அவ்வேளையில் அருகில் ஒருவரும் நிற்கலாகாது. காற்றுக் கலந்த சிலிண்டர் துள்ளி நகரும்.

கம்பிகளும் அளவு வைத்தலும்

உணர்வி நல்லதாயிருந்தும் கம்பியினால் கெடுவதே மிகுதி. கம்பியைச் சிலிண்டரின் அசைவுக்கேற்பச் சிறிது தளர்வு விட்டு, கூரிய விளிம்பிலும் சைலன்சர் குழாயிலும் படாமல், நெகிழும் உறைக்குள் செலுத்தவேண்டும். இணைப்பின் வாய் கீழ்நோக்கியிருப்பின் நீர் தங்காது. கம்பி இணைப்பை அடையுமுன் சிறிது தாழ்ந்து மேலேறும்படி விட்டால், வழிந்துவரும் நீர் தாழ்விடத்திலேயே சொட்டிவிடும். நீரும் தூசியும் புகாத தரம் ஐ.பி. 67 எனக் குறிக்கப்படுவது. நீரைப் பீய்ச்சிக் கழுவும் யந்திரத்தின் வேகத்தைத் தாங்க ஐ.பி. 69கே வேண்டும்.

பல உணர்விகள் 0.5 வோல்ட் முதல் 4.5 வோல்ட் வரை அளவு காட்டும். 0 முதல் 5 வரை காட்டாததற்குக் காரணம் உண்டு. கம்பி அறுந்தால் வோல்ட் 0 ஆகும். மின்வழங்கும் கம்பியோடு ஒட்டிக்கொண்டால் 5 ஆகும். இவ்விரண்டும் எல்லைக்குப் புறம்பானவையாதலால், கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதை உணர்ந்து வால்வை மூடிக் கருவியை இருந்த இடத்தில் நிறுத்துகிறது. அறுவடை அவசரத்தில், எச்சரிக்கை விளக்கை அணைக்கும் பொருட்டுக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி ஏமாற்றுவது இக்காப்பைக் கொல்வதற்கு ஒப்பாகும். பின்பு கருவி எப்பொழுது எழும், எப்பொழுது விழும் என்பதை எவரும் அறியார்.

200 மி.மீ. நீளும் சிலிண்டரில் ஒவ்வொரு மி.மீட்டருக்கும் வோல்டில் ஐம்பதில் ஒரு பங்கு மாறும். நடுநிலையில் 2.5 வோல்ட் இருக்கவேண்டும். இணைப்பில் ஈரம் புகுந்து பத்தில் ஒரு வோல்ட் பிசகினால், சிலிண்டரில் 5 மி.மீ. தவறு, கலப்பை முனையில் அது சில மடங்கு பெருகும். ஆகையால் பொருத்திய பின், முழுதும் சுருங்கிய நிலையிலும் முழுதும் நீண்ட நிலையிலும் அளவெடுத்துப் பெட்டியில் பதியவைத்து, அவ்விரு எண்களையும் டிராக்டரின் கணக்குப் புத்தகத்தில் தேதியோடு குறித்துவைத்தல் வேண்டும். அடுத்த போகத்தில் எண் மாறியிருந்தால், பழுது தொடங்கியதை வேலை நிற்குமுன்னரே அறியலாம்.

காக்கும் வகை

சேற்றுழவு முடிந்த அன்றே சிலிண்டரின் தண்டைக் கழுவித் துடைக்கவேண்டும். காய்ந்த சேறு தண்டோடு உள்ளே இழுபட்டால் துடைப்பு வளையமும் ஆயில் சீலும் கிழியும். கழுவும்போது பீய்ச்சு நீரை இணைப்பின் மேலும் சீலின் மேலும் நேராக அடித்தலாகாது. வெளியிலமைந்த உணர்விக்கு, வைக்கோல் தங்காதபடி கீழ்ப்புறம் திறந்த இரும்புத் தகட்டுக் கவசம் நல்லது.

எலி மற்றொரு பகை. கொட்டிலில் பல நாள் நிற்கும் வண்டியில் கம்பியை அது கடிப்பது யாவரும் அறிந்ததே. தவிட்டு மூட்டையும் நெல் மூட்டையும் வண்டியருகே வையாதிருத்தலும், வாரமொருமுறை கம்பிகளைப் பார்த்தலும் போதிய காவலாகும்.

வண்டியில் எங்கேனும் மின்வெல்டிங் செய்யவேண்டின், பாட்டரி முனைகளைக் கழற்றி, உணர்வியின் இணைப்பையும் பிரித்துவிட வேண்டும். வெல்டிங்கின் எர்த் பிடியைப் பற்றவைக்கும் இடத்திற்கு அருகிலேயே மாட்டவேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் சிலிண்டர் வழியே பாய்ந்து உணர்வியைச் சுட்டுவிடும். எண்ணெய் நிறைந்த சிலிண்டரின்மேலே பற்றவைப்பது தீயையும் வெடிப்பையும் வருவிக்கும்; அதனை அறவே விலக்கவேண்டும்.

பொறுப்பு யாருக்கு?

சொந்தமாக டிராக்டர் இல்லாத சிறுவிவசாயிகள் வாடகை வண்டியையே நம்பியிருக்கின்றனர். வேளாண்மைப் பொறியியல் துறை யந்திரங்களை வாடகைக்கு அளிக்கிறது. தனியார் வண்டிகளும் ஊர்தோறும் உண்டு. வண்டியின் உடையவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர், பழுது பார்ப்பவர் வேறொருவர் என்று மூவராகும்போது, கவனம் நடுவே நழுவிப் போகிறது. ஓட்டுபவருக்கு நாட்கூலியே உள்ளமையால், வேலையை நிறுத்திப் பழுது பார்க்க அவர் மனம் துணியாது. ஆதலால் நிறுத்தும் அதிகாரத்தை உடையவரே அவருக்கு வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். அரைநாள் உழவு தவறினால் மறுநாள் உழலாம். கை போனால் திரும்ப வாராது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இதில் செய்யத்தக்கது உண்டு. போகம் தொடங்குமுன், வண்டியுடையோரையும் ஓட்டுவோரையும் ஓரிடத்தில் கூட்டி, துறையின் பொறியாளரைக் கொண்டு ஒரு மணி நேரம் செய்துகாட்டச் சொல்லலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் டிராக்டரின் பின்கைகளில் ஏறி நிற்பதையும், தூக்கிய கருவியின் அடியில் நிழலுக்கு உட்காருவதையும் கண்டித்துத் தடுப்பதும் அவர்கள் கடமையே.

சுருங்கச் சொல்லின், கருவியை இறக்கிய பின்னரே தொடுதல், அழுத்தத்தை நீக்கிய பின்னரே கழற்றுதல், தாங்கியின்றி அடியில் புகாமை, கசிவைக் கையால் தேடாமை, எச்சரிக்கை விளக்கை ஏமாற்றாமை ஆகிய ஐந்தும் யந்திர விவசாயத்தின் முதற்பாடங்கள். இவற்றைக் கைக்கொள்ளும் வீட்டில் சிலிண்டரும் உணர்வியும் பல போகங்கள் உழைக்கும். காலையில் வயலுக்குப் போனவர் மாலையில் நலமே வீடு திரும்புவார்.